சொட்டாத ஓட்டை: பழைய மாருதி 800-இன் பெட்ரோல் குழாயை மாற்றிய விதம்

எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா நாகப்பட்டினத்தில் பணியில் இருந்தபோது 1995-ஆம் ஆண்டு வாங்கியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கருவி) உள்ள வண்டி. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வாடகை வீட்டின் முன்பு பதினான்கு ஆண்டுகள் கூரையில்லாமல் நின்றுவிட்டு, அப்பா ஓய்வு பெற்றதும் எங்களோடு சேலத்துக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து இன்றுவரை அதை ஓட்டி வருகிறோம். அதன் பெட்ரோல் குழாயில் விழுந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அதே வயதுள்ள வண்டியை வைத்திருப்பவர்களுக்கு அந்த ஏழு மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். டேங்க்கை நிரப்பிய அன்று இரவு மட்டும் போர்டிகோவில் இலேசான பெட்ரோல் வாடை அடிக்கும். மறுநாள் இருபது முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு வாடை போய்விடும். கீழே குனிந்து பார்த்தால் தரை காய்ந்தே இருக்கும். மற்றொன்று, டேங்க்கில் பாதிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது ஏற்காடு மலை ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதையோ ஒன்பதாவதையோ தாண்டியதும் என்ஜின் இழுவையை இழந்து திக்கித் திணறும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டால் மீண்டும் ஏறும். அடுத்த இரண்டு வளைவுகளுக்குப் பிறகு அதே கதைதான். சமவெளியில், ஓமலூர் சாலையில் எண்பதில் ஓட்டினாலும், ஒரு குறையும் தெரியாது.

வண்டியைப் பார்த்த பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிட் போட்டார்கள். அடுத்த முறை பிளக், பாயின்ட், ஃபில்டர் மாறின. மூன்றாம் முறை பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் சமவெளியில் ஓட்டிப் பார்த்துச் சரியாகிவிட்டது என்றார்கள். ஒவ்வொரு முறையும் மலை அதைப் பொய்யாக்கியது. குழாயைப் பார்க்கவில்லையா என்று நான் கேட்டபோது, வண்டியைத் தூக்கி அடியில் பார்த்ததாகவும், எங்கும் சொட்டவில்லை என்றும் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் சொட்டவில்லை என்பதை ஓட்டையில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டதில்தான் அத்தனை செலவும் வீணாயிற்று.

விடையைச் சொன்னவர் கார் மெக்கானிக் அல்லர். சங்ககிரியில் நாற்பது ஆண்டுகள் லாரி வேலை பார்த்துவிட்டு எங்கள் தெருவில் மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெரியவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, பெட்ரோல் வெளிய வருதான்னு பாத்துட்டு இருக்கீங்க. காத்து உள்ள போகுதான்னு பாருங்க. லைன்ல ஏர் எடுக்குது" என்றார்.

லாரி ஓட்டுபவர்கள் அனைவருக்கும் தெரிந்த சொல் இது. டீசல் லைனில் ஏர் எடுத்தால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். கார்புரேட்டர் காரிலும் அடிப்படை அதுவே. இந்த மாருதியில் பெட்ரோல் பம்பு என்ஜின் தலைப்பகுதியில், வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம் ஷாஃப்ட் தள்ளுவதால் இயங்கும் டயாபிரம் (சவ்வு) பம்பாக இருக்கிறது. டேங்க்கோ வண்டியின் பின்பக்கம், தரைக்கு அருகில் இருக்கிறது. ஆகவே டேங்க்கிலிருந்து பம்பு வரைக்கும் வருகிற நீளமான குழாய் முழுவதும், ஸ்ட்ராவில் இளநீரை உறிஞ்சுவது போல, உறிஞ்சப்படும் பக்கமாகவே இருக்கிறது. என்ஜின் ஓடும்போது அதில் ஊசித்துளை இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது. வெளிக்காற்று உள்ளே புகும். பம்பு பெட்ரோலோடு காற்றையும் சேர்த்தே தள்ளும். சமவெளியில் என்ஜினுக்குத் தேவை குறைவு என்பதால் அது வெளியே தெரிவதில்லை. மலையில் வண்டியின் மூக்கு உயர்ந்து, பின்புறமுள்ள டேங்க் பம்பைவிட மேலும் கீழே போய்விடுகிறது. அதே நேரத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்திருப்பதால் தேவையும் உச்சத்தில் இருக்கிறது. உறிஞ்சும் வேகம் கூடக்கூட அந்தத் துளை வழியாகப் புகும் காற்றும் கூடுகிறது. டேங்க் நிரம்பி, வண்டி நின்றிருக்கும்போது மட்டும் பெட்ரோல் மட்டம் துளையைவிட உயரமாக இருப்பதால் துளியளவு வெளியே கசிந்து, தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிறது. இரவு வாடையும் மலைத் திணறலும் ஒரே ஓட்டையின் இரண்டு முகங்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

(இது பம்பு முன்னால் இருக்கும் கார்புரேட்டர் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பம்பு டேங்க்குக்குள்ளேயே இருந்து, ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னோக்கித் தள்ளுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் பீய்ச்சி அடிக்கும். அழுத்தத்தை முறைப்படி இறக்காமல் அந்தக் குழாயைத் தொடவே கூடாது.)

பெரியவர் சொன்ன சோதனை எளிமையானது. பம்புக்குள் நுழையும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினோம். டேங்க்கில் கால்வாசிப் பெட்ரோல் இருந்தது. தெருக்கோடியில் உள்ள சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, என் தம்பியை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். முதலில் குழாய் முழுவதும் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் பெட்ரோல் நிறைந்து நின்றது. என்ஜின் வேகம் ஏறியதும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் சிறு குமிழிகள் வரிசையாக வரத் தொடங்கின. சிறிது நேரத்தில் அவை ஒன்று சேர்ந்து, விரற்கடை நீளக் காற்றுத் துண்டுகளாகப் பம்பை நோக்கி நகர்ந்தன. ஏழு மாதங்களாகத் தேடியதைக் கண்ணால் பார்த்த நிமிடம் அது. அந்தப் பிளாஸ்டிக் குழாயைச் சோதனை முடிந்ததுமே கழற்றிவிட வேண்டும். பெட்ரோலில் அது விறைத்துச் சுருங்கி, சில நாட்களில் நழுவிவிடும்.

ஓட்டை இருந்த இடம், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குழாயைத் தரைத்தகட்டோடு பிடித்திருந்த கிளிப்புக்கு உள்ளே. துருப்பிடிக்காமல் இருக்க எப்போதோ அடிக்கப்பட்ட தார் போன்ற கறுப்புப் பூச்சு வண்டியின் அடிப்பகுதி முழுவதும் கெட்டியாக இருக்க, அந்த ஓர் இடத்தில் மட்டும் இளகி விரலில் ஒட்டியது. பெட்ரோல் பட்டால் அந்தப் பூச்சு கரையும் என்பதால் அதுவே நல்ல அடையாளம். கிளிப்பைக் கழற்றியதும் உள்ளே இறுகியிருந்த சேறு கட்டியாக விழுந்தது. அதன் கீழே குழாய், மரப்பட்டைபோல் அடுக்கடுக்காகப் பொருக்குக் கிளம்பி இருந்தது. நகத்தால் சுரண்டியபோது ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. அதன் பின்னால் குண்டூசி முனையளவு ஓர் ஈரப்புள்ளி. கடற்கரையின் உப்பும் மழைநீரும் கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையில் தங்கி, அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் அரித்திருக்கின்றன. பழைய குழாயின் மேல் அந்தக் கறுப்புப் பூச்சை அடிப்பது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும் என்பது என் முடிவு. பூச்சில் விழும் விரிசல் நீரை உள்ளே விடும், வெளியே விடாது. துருவையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து தாழ்வான இடங்களில் தேங்கும். அதனால்தான் பட்டறைக் குழியின் மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யக் கூடாது. நான் திறந்த வெளியில், காலை நேரத்தில், என்ஜினும் சைலன்சரும் முழுவதும் ஆறிய பிறகு செய்தேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தேன். டேங்க்கில் இருந்த பெட்ரோலை மூடியுள்ள இரும்பு கேனில் வடித்து அப்பால் எடுத்து வைத்தேன். வயர் இழுத்த பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. டார்ச், கைக்கெட்டும் தூரத்தில் உலர்தூள் தீயணைப்பான், ஜாக்கியை நம்பாமல் நான்கு ஸ்டாண்டுகள். கிரைண்டர், டிரில் எதையும் அருகில் கொண்டுவரவில்லை. குழாயைப் பற்றவைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

வழியில் ஓட்டை விழுந்தால் துணி துவைக்கும் கட்டிச் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது நம் ஊரில் எல்லாரும் அறிந்த கைவைத்தியம். சோப்பைப் பெட்ரோல் கரைக்காது என்பதால் வீடு வந்து சேரும்வரை அது தாங்கும். அதற்கு மேல் நம்பக் கூடாது. கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு ரப்பர் ஹோஸால் இணைப்பது, கல் அடித்து நசுங்கிய குழாய்க்குச் சரி. துருப்பிடித்த குழாய்க்கு அது பயன்படாது, ஏனெனில் ஒரு கிளிப்புக்குள் அரித்திருந்தால் அடுத்த கிளிப்பிலும் அரித்திருக்கும். ஃபிரிட்ஜ் வேலைக்குப் பயன்படும் செம்புக் குழாயைப் போட்டுவிடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். கையாலேயே வளையும் என்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வண்டியின் அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி விரிசல் விடும். பெட்ரோல் கெட்டுப் பிசினாக மாறுவதையும் விரைவுபடுத்தும். எனவே பிரேக் லைனுக்குப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த, துத்தநாகப் பூச்சுள்ள பண்டி பைப்பையே வாங்கினேன். தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டிச் செம்பால் ஒட்டிய எஃகுக் குழாய் அது. சிறிய கார்களில் பெட்ரோல் குழாய் பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். ஊகித்து வாங்காமல் பழைய குழாயைச் சுத்தமாக்கி வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதே அளவில் கேளுங்கள்.

பழைய குழாயை வெட்டாமல் முழுதாக இறக்கி, தரையில் கிடத்தி, அதையே அச்சாக வைத்து வளைத்தேன். வளைவுகளுக்குக் கையடக்க பெண்டர் போதும்; வெறுங்கையால் வளைத்தால் உட்புறம் மடிந்துவிடும், அந்த மடிப்பே பிறகு அடைப்பாகிவிடும். வெட்டுவதற்குக் குழாய் கட்டர்தான் சரி. ஹாக்சா பிளேடில் வெட்டினால் விழும் இரும்புத் தூள் நேராகப் பம்பின் வால்வுக்குப் போய்ச் சேரும். ஹோஸ் ஏறும் இரு முனைகளிலும் சிறு விளிம்பு எழுப்ப வேண்டும். பிரேக் குழாய்க்கு டபுள் ஃபிளேர் செய்யும் (முனையை இரண்டு கட்டமாக விரித்து மடிக்கும்) கருவியின் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் அந்த விளிம்பு கிடைத்துவிடும். இதை விட்டுவிட்டால், கிளிப் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஹோஸ் ஒருநாள் நழுவும். புதிய குழாய் சைலன்சரை நெருங்காமல் பழைய பாதையிலேயே போகிறது. ஒவ்வொரு கிளிப்புக்கும் புதிய ரப்பர் உறை போட்டேன்.

ஹோஸ் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தேன். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதைத் தாங்கும் பொருட்களோடு புதிய வண்டிகள் 2023 ஏப்ரலிலிருந்து வருகின்றன. 1995-ஆம் ஆண்டு வண்டியின் ரப்பர் அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டதன்று. எத்தனால் பழைய ரப்பரை ஊதி மென்மையாக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து, குழாயை உள்ளிருந்தும் துருப்பிடிக்கச் செய்யும். நான் கழற்றிய பழைய ஹோஸின் உட்புறத்தைத் தொட்டபோது விரல் கறுத்தது. ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரக்குறியில், ஜே30 ஆர்7 என்பது கார்புரேட்டர் வண்டிக்கான சாதாரண வகை. ஆர்9 என்பதில் உட்புறம் எத்தனாலை நன்கு தாங்கும் ஃபுளோரோ ரப்பர் அடுக்கு இருக்கும், விலையும் கூடுதல். நான் ஆர்9 போட்டேன். ஹோஸை இறுக்கும் கிளிப்பும் பல்வெட்டுள்ள வகையாக இல்லாமல், விளிம்பு உருண்ட, திருகும் நட்டும் உள்ள வகையாக இருந்தால் ஹோஸை அறுக்காது.

மாட்டுவதற்கு முன், குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் 60 மில்லி சிரிஞ்சை ஹோஸ் துண்டால் பொருத்தி, தண்டை இழுத்துப் பிடித்து அரை நிமிடம் கழித்து விட்டேன். பழைய குழாயில் தண்டு இழுத்த இடத்திலேயே சோம்பலாக நின்றது. புதிய குழாயில் கையை எடுத்த நொடியில் படக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. பிறகு எல்லாவற்றையும் பூட்டி, புதிய ஃபில்டர் போட்டு, ஐந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றுவதும் அரை நிமிடம் ஓய்வு கொடுப்பதுமாக ஆறேழு முறை செய்த பிறகு என்ஜின் பிடித்தது. அன்று மாலை டேங்க்கை நிரப்பி, அடியில் செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தாளில் ஒரு கறையும் இல்லை. போர்டிகோவில் வாடையும் இல்லை. குழாய், ஹோஸ், கிளிப் அனைத்தும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து, டேங்க்கில் கால்வாசி இருக்கும்போது வேண்டுமென்றே ஏற்காடு ஏறினேன். பெரியவரும் முன்சீட்டில் அமர்ந்து வந்தார். ஒன்பதாவது வளைவில் வழக்கம்போல் என் கால் தானாகவே தயங்கியது, வண்டி தயங்கவில்லை. இருபதாவது வளைவு வரைக்கும் இரண்டாவது கியரில் ஒரே இழுவையாக ஏறியது. மேலே ஏரிக்கரையில் தேநீர் குடிக்கும்போது, அதே கிளிப்புகளுக்குள் பக்கத்தில் ஓடும் திரும்புகுழாயைப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். கார்புரேட்டருக்குத் தேவைப்படாமல் மிஞ்சும் பெட்ரோலை டேங்க்குக்கே கொண்டுபோகும் குழாய் அது. வீட்டுக்கு வந்து சுரண்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, ஆனால் பொருக்கு கிளம்பத் தொடங்கியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் இறக்கி மாற்றிவிட்டேன்.