சிமெண்ட் உள்ளே போகும் நேரம்

இடுப்பு மூட்டு அறுவையில் எந்தக் கட்டத்தில் கண்ணை மானிட்டரை விட்டு எடுக்க மாட்டீர்கள் என்று மயக்கவியல் பயில வரும் இளம் மருத்துவர்கள் கேட்பதுண்டு. செயற்கை மூட்டின் தண்டைப் பிடித்துவைக்கும் எலும்பு சிமெண்ட், தொடை எலும்பின் உட்குழிக்குள் இறங்கும் சில நிமிடங்களைத்தான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1950களின் பிற்பகுதியில் இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்த இந்த அக்ரிலிக் சிமெண்ட், பற்களுக்குப் பயன்பட்டு வந்த பொருளின் உறவுதான். பசையைப் போல ஒட்டாமல், எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பூட்டிக்கொள்கிறது. 40 கிராம் பொடியோடு 20 மில்லி திரவம் சேர்ந்ததும் வேதிவினை தொடங்கி, கலவை சூடேறிக்கொண்டே கெட்டியாகிறது. அறை வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரமாக இறுகிவிடும் என்பதால், தியேட்டரில் ஏசி சரியாக வேலை செய்யாத கோடை நாட்களில் செவிலியர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை உரக்கச் சொல்வார்.

முற்காலத்தில் கையால் பிசைந்து விரலால் அமுக்கினார்கள். இப்போது உட்குழியைப் பீய்ச்சும் நீரால் கழுவி, அடியில் ஓர் அடைப்பை வைத்து, சிமெண்ட் துப்பாக்கியால் கீழிருந்து மேலாக நிரப்பி, பிறகு அழுத்தம் கொடுக்கிறார்கள். பிடிப்பு பல ஆண்டுகள் நிலைக்க அந்த அழுத்தம் வேண்டும். ஆனால் எலும்பு மஜ்ஜையின் கொழுப்பையும் துகள்களையும் சிரைகளுக்குள் தள்ளி நுரையீரலுக்கு அனுப்புவதும் அதே அழுத்தம்தான். நுரையீரல் இரத்தக் குழாய்களில் தடை ஏறினால் இதயத்தின் வலப்பக்கம் திணறும். இரத்த அழுத்தம் சரியும், ஆக்சிஜன் குறையும், அரிதாக இதயம் நின்றுவிடும். முதுகில் ஊசி போட்டு விழித்திருக்கும் முதியவர் அதுவரை பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்து திடீரென்று பதற்றமானால், எண்கள் மாறும்வரை நான் காத்திருப்பதில்லை.

ஆகவே உட்குழியைக் கழுவுவதைச் சடங்காகச் செய்யும் அறுவை மருத்துவரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கொழுப்பு வெளியே போகும் அளவுக்கு உள்ளே தள்ளப்படுவது குறையும், பிடிப்பும் கூடும். இரண்டுக்கும் உதவும் வேலை அது ஒன்றே. எங்கள் அறையில் “சார், சிமெண்ட் போடலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் துப்பாக்கியை எடுப்பார்கள். சிரைவழி ஏற்றும் திரவமும் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் தயாராகி, இரத்த அழுத்தத்தின் மேல் எண் பழைய அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்காமல் இருந்தால்தான் நான் “போடலாம்” என்பேன். பிரிட்டனில் 2015இல் வந்த பாதுகாப்பு வழிகாட்டுதலும் இப்படி முன்கூட்டிப் பேசிக்கொள்வதையே வலியுறுத்துகிறது.

இவ்வளவு ஆபத்து இருந்தால் சிமெண்டையே விட்டுவிடலாமே என்று குடும்பத்தார் கேட்பது நியாயமே. தொடை எலும்புக் கழுத்து முறிந்த 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், சிமெண்ட் வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் நான்காம் மாதத்தில் சற்று மேலாக இருந்தது. செயற்கைத் தண்டைச் சுற்றி எலும்பு மீண்டும் முறிவதும் குறைவாக இருந்தது. மெலிந்த எலும்புக்கு அந்தப் பிடிப்பு தேவைப்படுகிறது. நுரையீரல் இரத்த அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்த, இதயம் பலவீனமான ஒருவரிடம் மட்டும் முந்தின நாளே அறுவை மருத்துவரோடு அமர்ந்து, சிமெண்ட் வேண்டுமா, வேண்டுமென்றால் அழுத்தத்தை எவ்வளவு மிதப்படுத்தலாம் என்று பேசி முடிவெடுத்து, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம்.