தண்ணீர் கேனும் ஏழு பிட்டும்

மாமா வேலூர் சத்துவாச்சாரியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறார். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்பது பாதி நோட்டில், பாதி அவர் தலையில். அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் ஆளாளுக்குக் கிழமையை மாற்றச் சொல்வார்கள், நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல்தான். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

முதலில் வீட்டுக்கு, கிழமைக்கு ஒன்றாக ஏழு கட்டம் போட்டேன், பார்க்கவே சகிக்கவில்லை. அப்புறம் பிட் ஞாபகம் வந்தது, 0 அல்லது 1 மட்டும் பிடிக்கும் கம்ப்யூட்டரின் குட்டி இடம். கிழமைக்கு ஒரு பிட், ஒவ்வொன்றின் மதிப்பும் முந்தையதைப் போல இரு மடங்கு. திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 4, வியாழன் 8, வெள்ளி 16, சனி 32, ஞாயிறு 64. ஒரு வீட்டுக்கு ஒரே எண் போதும்: திங்களும் வியாழனும் என்றால் 9, தினமும் என்றால் 127, நிறுத்திவிட்ட வீடு 0.

இரண்டாவது வாரமே மாட்டினேன். கிழமையைச் சேர்க்க, பிட்டுக்குரிய 'ஆர்' குறியை (ஏற்கெனவே 1 ஆக இருக்கும் பிட்டை அது அப்படியே விட்டுவிடும்) போடாமல் சாதாரணமாகக் கூட்டியிருந்தேன். ஒரு வீட்டுக்குப் புதன் ஏற்கெனவே இருக்க, மாமா மறுபடியும் புதன் பட்டனைத் தட்டியிருக்கிறார். நாலும் நாலும் எட்டு, அதாவது வியாழன்! "இன்னாடா இது, புதங்கிழமை கேக்குற வூட்டுக்கு வியாழக்கிழமைன்னு கீது?" என்று போன். 'ஆர்' போட்டிருந்தால் எத்தனை தடவை தட்டினாலும் அது 4 ஆகவே இருந்திருக்கும்.

சரி, வெறும் எண்ணை நம்பக் கூடாது என்று, பைத்தானோடு வருகிற ஈனம் லைப்ரரியில் 3.6 பதிப்பு முதல் இருக்கும் ஃபிளாக் வகைக்கு மாறினேன், பிட்டுகளுக்குப் பெயர் வைத்துக் கையாள்வதற்கென்றே உள்ளது அது. ஆட்டோ என்று எழுதினால் 1, 2, 4 என்று மதிப்பை அதுவே போட்டுக்கொள்கிறது. பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும் என்பதால் நான் எழுதிய ஃபிளாக் வகைக்கு 'நாள்' என்றே பெயர் வைத்தேன், அதில் ஒரு அல்ப சந்தோஷம். இரண்டு கிழமையைக் கூட்டினால் இப்போது டைப்எரர் என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது, 130 போல ஏழு பிட்டுக்குள் அடங்காத எண்ணைக் கொடுத்தால் வேல்யூஎரர். பக்கத்திலேயே இன்ட்ஃபிளாக் என்று ஒன்று இருக்கிறது, அது எண்ணாகவும் நடந்துகொள்ளும், கூட்டினால் வாயைத் திறக்காமல் 8 என்று தரும், 130ஐயும் விழுங்கிவிடும். இந்த வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

இதிலும் ஒரு அடி வாங்கினேன். இன்றைய கிழமை வீட்டுக் கிழமைகளுக்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் 'இன்' சொல்லின் இரண்டு பக்கத்தையும் மாற்றி எழுதிவிட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வாங்குகிற வீடெல்லாம் காணோம், எப்போதோ நிறுத்திய வீடுகள் மட்டும் தினமும் பட்டியலில் வந்து நிற்கின்றன. காரணம், பூஜ்யம் எந்த ஃபிளாக்குக்குள்ளும் இருக்கிறது என்றுதான் பைத்தான் சொல்லும். கணக்குப்படி சரிதான், வெற்றுக் கணம் எல்லாக் கணத்துக்கும் உட்கணம். மாமாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன், வேண்டாம் விடுங்கள்.

பைத்தான் 3.11க்கு மாறியதும் ஒரு வீட்டின் ஃபிளாக்கை நேரடியாக ஃபார் லூப்பில் விட்டு, கிழமைகளை ஒவ்வொன்றாக எடுக்க முடிகிறது. நானே எழுதியிருந்த பத்து வரியை அழித்துவிட்டேன்.

இப்போது இடிப்பது 'ஒருநாள் விட்டு ஒருநாள்' வீடுகள். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் இந்த வாரம் திங்களில் விழுவது அடுத்த வாரம் செவ்வாயில் விழுகிறது, ஏழு பிட்டில் அதை அடக்க வழியில்லை. இரண்டு கேன் வாங்கும் வீடும் அப்படித்தான், பிட்டுக்கு உண்டு, இல்லை மட்டும்தான் தெரியும். அந்தப் பதினொரு வீடு இன்னும் மாமாவின் நோட்டில்தான் இருக்கிறது.