களியக்காவிளை அச்சகம்: சில குறிப்புகள்

ஜூன் 8

மூடிக் கிடந்த அண்ணாச்சியின் அச்சகத்தை இன்று திறந்தோம். வீட்டின் முன்கட்டுதான் அச்சகம். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் இருந்துகொண்டு தமிழ் மட்டும் அடித்தால் கடை ஓடாது. பாறசாலைப் பக்கமிருந்து வந்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் மலையாளம். அதனால் இடது சுவரில் தமிழ் கேஸ் (ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்துப் போட்டுவைக்கும் தட்டு), வலது சுவரில் மலையாள கேஸ்.

ஒரு கேஸை இழுத்துத் தூசி தட்டினேன். ஓர் அறை நிறைய, தும்பிக்கை போட்ட பழைய ‘லை’. எதிர்ச் சுவரில் மலையாளக் கூட்டெழுத்துகள். கேரளத்தில் 1971-ல் எழுத்துச் சீர்திருத்தம், தமிழ்நாட்டில் 1978-ல். இரண்டுமே இந்த அறைக்குள் வந்தும் பழையதை வெளியே தள்ளவில்லை. “வயசானவங்க பழைய எழுத்துதான் கேப்பாவ மக்ளே” என்றார் அண்ணாச்சி.

ஜூன் 11

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரின் பிளாண்டின்-மோரேட்டஸ் வீட்டைப் பற்றி ராத்திரி வெகுநேரம் படித்தேன். பிளாண்டின் 1576-ல் அந்த இடத்துக்கு அச்சகத்தை மாற்றினார். பிறகு மருமகன் மோரேட்டஸ், அவர் வாரிசுகள் என்று 300 வருடம் ஒரே குடும்பம், ஒரே வீடு. 1876-ல் நகரத்துக்கு விற்றபோது அச்சு இயந்திரம், எழுத்து வார்த்த அச்சுகள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. உலகில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய இரண்டு அச்சு இயந்திரங்கள் அங்கேதான் நிற்கின்றன. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அவர்கள் குடிபோன இரண்டாம் வருடம், 1578 அக்டோபர் 20-ல், இதோ இந்தக் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. 16 பக்கம். இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் புத்தகம், அதுவும் தமிழ். அதை அச்சிட்ட எழுத்தில் ஒன்றாவது நம்மிடம் இருக்கிறதா? நினைக்க நினைக்க ஆற்றாமைதான்.

ஜூன் 12

ஆக்கர்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) வந்து விலை பேசிவிட்டுப் போனார். ஈய விலை.

ஜூன் 19

அண்ணாச்சியின் மகன் முன்கட்டை வாடகைக்கு விடுவதாக இருந்தான். கேஸ்களைத் தனித்தனியாகக் கழற்றி எங்காவது கொண்டுபோய் வைத்தால், எழுத்து எழுத்தாகச் சிதறிவிடும்; இந்த வீட்டில், இந்தச் சுவர்களில் இருந்தால்தான் இது அச்சகம் என்று சொன்னேன். அவனுக்கும் அது பிடிபட்டது. சரி, ஓணம் வரைக்கும் பார்ப்போம் என்றான்.

முதல் வேலை, எந்த அறையில் எந்த எழுத்து என்று குறித்து வைப்பது. தமிழ்ப் பக்கம் அண்ணாச்சி சொல்லிவிடுவார். மலையாள கேஸில் கை வைத்த கம்பாசிட்டர் (எழுத்துக் கோப்பவர்) யாராவது பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருந்தால் தகவல் சொல்லுங்கள். நானே நேரில் போய் அழைத்து வருகிறேன்.