120 என்று கணக்குப் போட்டேன், 11 தான் வந்தது

அகச்சிவப்பு நிறமாலைமானியில் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதியும் தொலைநோக்கிக் கருவி) நேரம் கேட்டு ப்ரபோசல் எழுதப் போகிறவர்கள் முதலில் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் கையில் இருக்கும் பிரகாச எண் வேகா கணக்கா (வேகா விண்மீனைப் பூஜ்யமாக வைப்பது), ஏபி கணக்கா (எல்லா அலைநீளத்துக்கும் ஒரே பாய்வைப் பூஜ்யமாக வைப்பது)? நான் பார்க்கவில்லை. ஒரு பருவமே வீணாய்ப் போனது.

நைனிடால் பக்கம் தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியின் டான்ஸ்பெக் கருவிக்குக் கேட்டிருந்தேன். 0.55 முதல் 2.5 மைக்ரான் வரை ஒரே வீச்சில் எடுக்கும், பிரிதிறன் சுமார் 2750. என் இலக்கு விண்மீனின் பிரகாச எண் கே பட்டையில் (2.2 மைக்ரான் அருகே) 14. சீனியர் ஒருவர் விட்டுப்போன எக்செல் தாளில் எண்களைப் போட்டேன், 1 மணி நேரத்துக்கு எஸ்.என்.ஆர். (சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) 120 என்றது. சந்தோஷமாக அனுப்பிவிட்டேன். ‘1 மணியில் இது எப்படி வரும்?’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது.

இரண்டு நாள் கோபப்பட்டுவிட்டு அப்புறம் தாளைப் பிரித்துப் பார்த்தால், ‘மேக்’ (பிரகாச எண்) என்று மட்டும் தலைப்பு இருக்கிறது, சூத்திரத்துக்குள்ளே பூஜ்யப் புள்ளி, அதாவது பிரகாச எண் 0-க்கு உரிய பாய்வு, 3631 ஜான்ஸ்கி (பாய்வின் அலகு). அது ஏபி. என் 14 டூமாஸ் என்ற அகச்சிவப்பு வான ஆய்வின் பட்டியலில் எடுத்தது, அதாவது வேகா. அதில் கே பட்டையின் பூஜ்யப் புள்ளி சுமார் 667 ஜான்ஸ்கி. என் விண்மீனை நானே ஐந்தரை மடங்கு பிரகாசமாக்கியிருக்கிறேன்! வானப் பின்னணி (வானத்தின் சொந்த ஒளி) மேலோங்கும் இடத்தில் தேவைப்படும் நேரம் இதன் வர்க்கமாக ஏறும், கிட்டத்தட்ட 30 மடங்கு.

அதோடு விட்டதா? சீயிங் (காற்றால் விண்மீன் பரவித் தெரியும் அகலம்) 1 விகலை (பாகையின் 3600-ல் ஒரு பங்கு), ஸ்லிட் (ஒளி நுழையும் பிளவு) அரை விகலை என்றால் விண்மீனை நட்டநடுவில் வைத்தாலும் 44 சதவீத ஒளிதான் உள்ளே போகும். தாளில் 100. ஸ்லிட்டை 1 விகலையாக்கினால் 76 சதவீதம் கிடைக்கும், ஆனால் பிரிதிறன் ஏறக்குறைய பாதியாகும், பின்னணியும் இரட்டிப்பாகும். விண்மீனை ஸ்லிட்டில் இரண்டு நிலைகளில் மாற்றி மாற்றி வைத்து எடுத்து வானத்தைக் கழிக்கிறோமே, கழிக்கும்போது இரைச்சல் √2 மடங்கு கூடும். அதுவும் தாளில் இல்லை.

கடைசியில் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஏற்கெனவே எடுத்திருந்த ஒரு ஸ்டாண்டர்ட் விண்மீனின் (பிரகாசம் துல்லியமாகத் தெரிந்தது) நிறமாலையில் இருந்து கருவியின் திறனைக் கணக்கிட்டேன். கருவி தரும் கவுண்டை கெய்னால் (ஒரு கவுண்டுக்கு எத்தனை எலெக்ட்ரான் என்ற எண்) பெருக்கி எலெக்ட்ரானாக்கி, வர வேண்டிய ஃபோட்டான்களால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இதிலும் ஒரு கூத்து: அந்த விண்மீனின் அளவீட்டில் ஸ்லிட் இழப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, நான் மறுபடியும் 0.44 போட்டு எஸ்.என்.ஆர். 5 என்று பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த 0.44-ஐ நீக்கியதும் 11.

அடுத்த முறை அந்த 11-ஐயே எழுதி 4 மணி நேரம் கேட்டேன், கிடைத்தது. காத்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்கி மலையேறிப் போனால் முதல் இரவு முழுக்க மேகம். ஒரு ஃபோட்டான்கூட இல்லை, தேநீர்தான். கூடுதலாக ஓர் இரவாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் இரவில் 4 மணி நேரமும் எடுத்தோம். கணக்கு 22, வந்தது 19. பரவாயில்லை. மேல் வளிமண்டல ஹைட்ராக்சிலின் ஒளிர்வு வரிகள் விழும் இடங்களில் அதுவும் குறைவு. 2.3 மைக்ரானுக்கு மேல், தொலைநோக்கியும் காற்றும் தங்கள் வெப்பத்தாலேயே ஒளிரும் பகுதியில், 8. அந்தத் துண்டை வரைபடத்தில் வெட்டிவிட்டேன், இன்னும் வழிகாட்டி கேட்கவில்லை.