எச். பைலோரிக்கு 14 நாள் ஆண்டிபயாடிக்: பினாங்கில் என் அனுபவம்

வயிறு எரிந்தால் கேஸ்ட்ரிக், வயிறு உப்பினால் காத்து. எங்கள் குடும்பத்தில் இந்த இரண்டைத் தாண்டி யாரும் யோசித்ததில்லை. அம்மா சோடா குடிப்பார், நான் கடையில் விற்கும் வெள்ளை மருந்தைக் குடிப்பேன், கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வரும். ஐம்பதைத் தாண்டிய பிறகு பசியும் குறைந்து, ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் குறைவு என்று வந்ததும், கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) டாக்டர், வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் ஸ்கோப் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க நாளாகும் என்றார்கள். வீட்டுக்காரரின் கம்பெனி மெடிக்கல் கார்டு இருக்கும் தைரியத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

ஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போட்டார்கள், தூங்கினேன், எழுந்தேன். புண் இல்லை, இரைப்பையின் உள்தோல்தான் சிவந்து வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டையைக் காட்டினார். அதன் நடுவில் பொட்டு அளவுக்கு ஜெல். வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கை அதில் வைக்கும்போது மஞ்சளாக இருந்ததாம். நான் பார்க்கும்போது நல்ல ரோஜா நிறம். எச். பைலோரி என்ற கிருமி ஒரு நொதியைச் சுரக்கிறது, அது ஜெல்லில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது, அதனால் நிறம் மாறுகிறது. வயிற்று அமிலத்தில் சாகாமல் இருக்கவும் அந்தக் கிருமிக்கு இதே அம்மோனியாதான் துணை.

"நாங்க காரம் ஜாஸ்தி சாப்பிடுவோம், அதனாலயா டாக்டர்?" என்று கேட்டேன். காரம் எரிச்சலைக் கூட்டலாம், கிருமியைக் கொண்டுவராது என்றார். பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிவிடுமாம். மலேசியாவில் செய்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் இது அதிகமாக இருப்பது தெரிந்திருக்கிறது. அல்சருக்குக் கிருமி காரணமாக இருக்கலாம் என்பதையே ஒரு காலத்தில் மருத்துவ உலகம் நம்பவில்லை. பெர்த்தில் இருந்த பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, அது இரைப்பையை வீங்கவைக்கும் என்று நிரூபித்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1994-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பட்டியலில் இந்தக் கிருமியைச் சேர்த்துவிட்டது. கிருமி இருக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வராது, மிகச் சிலருக்குத்தான். ஆனாலும் அதைக் கேட்ட பிறகு மருந்தைப் பாதியில் விடும் எண்ணம் எனக்கு வரவே இல்லை.

மருந்து மூன்று வகை. அமாக்சிசிலின் ஒரு கிராம், அதாவது 500 மில்லிகிராம் கேப்சூல் இரண்டு. கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம் ஒன்று. அமிலத்தைக் குறைக்க எசோமெப்ரசோல். எல்லாமே காலையும் இரவும், 14 நாளைக்கு. டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். பென்சிலின் அலர்ஜி உண்டா? முன்பு அசித்ரோமைசின், எரித்ரோமைசின் மாதிரி எதுவும் சாப்பிட்டதுண்டா? இரண்டாவது கேள்வி எதற்கென்று அப்போது புரியவில்லை. அந்த வகை மருந்தை முன்பே சாப்பிட்டிருந்தால், கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமி வயிற்றில் இருக்க வாய்ப்பு அதிகமாம். நான் சாப்பிட்டதில்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில், சென்னைக்குப் போய் வரும்போதெல்லாம் அசித்ரோமைசின் அட்டைகளைப் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, தொண்டை கரகரத்தாலே ஒன்று விழுங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி, ஆண்டிபயாடிக்கை டாக்டர் சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் தரக்கூடாது. அந்தச் சட்டத்தின் அருமை இவர்களுக்கு எப்போது புரியுமோ.

டாக்டர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? பதிவுப் படிவத்தில் நான் எழுதியிருந்தேன், கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின், பிரஷருக்கு அம்லோடிபின் என்று. படிவம் ஏதோ ஒரு ஃபைலுக்குள் போய்விட்டது. மருந்து கொடுத்த கவுன்டரிலும் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பையை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரம் தைப்பூசம். ஒரு வேளை சாப்பாட்டோடு விரதம் இருந்தேன், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டியிருந்தது. இந்த மருந்துக்கோ காலையும் இரவும் வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். விரதம் முடிந்து ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். பல வருடமாக இருக்கும் கிருமி, இன்னும் சில நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது, இடையில் விட்டுவிட்டுச் சாப்பிடுவதுதான் கெடுதல் என்றார்.

பூசத்துக்கு மறுநாளோ என்னவோ, வழக்கமான மருந்தை வாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனேன். புது மருந்துப் பையையும் எடுத்துப் போயிருந்தேன். ஃபார்மசி ஜன்னலில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, சின்ன வயது. சிம்வாஸ்டாடினை என் பக்கம் தள்ளியவள், பையிலிருந்த அட்டையைப் பார்த்ததும் மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இந்த ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா, இனிமேதான்."

"நல்ல வேளை. கொஞ்சம் உள்ளே வாங்க."

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிம்வாஸ்டாடினைக் கரைத்து வெளியேற்றும் வேலையை ஈரலில் ஒரு நொதி செய்கிறது. கிளாரித்ரோமைசின் அந்த நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிடும். தினமும் விழுங்கும் சிம்வாஸ்டாடின் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். உடம்பெல்லாம் தசைவலி, பலவீனம், கோக் நிறத்தில் சிறுநீர், இதெல்லாம் அடையாளம். இந்த இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கொடுக்கக்கூடாது என்றே மருந்துத் தாளில் இருக்கிறது. கௌட் என்ற மூட்டுவலிக்குச் சாப்பிடும் கோல்சிசினுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், இதயத் துடிப்பில் கோளாறு இருப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் எதிரிலேயே அவள் தனியார் டாக்டரின் கிளினிக்கைக் கூப்பிட்டாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து பேசி, ஆண்டிபயாடிக் முடியும்வரை சிம்வாஸ்டாடினை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. இரண்டு வாரம் கொலஸ்ட்ரால் மாத்திரை இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது என்றும் விசாரித்துக்கொண்டாள். அம்லோடிபினை நிறுத்தவில்லை. ஆனால் அதுவும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யலாம், தலை சுற்றினால் உட்கார்ந்து பிரஷர் பாருங்கள் என்றாள். அரசாங்கத்தில் ஒரு ஃபைல், தனியாரில் ஒரு ஃபைல், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. என் விஷயத்தில் இரண்டும் சந்தித்த ஒரே இடம் அந்தப் பிளாஸ்டிக் பை. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்க்கும் இடம்தானே என்று கிளினிக் கெசிஹாத்தானை மட்டமாகப் பேசுபவர்களுக்கு நான் இப்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் கேட்டேன், கொஞ்சம் கூச்சத்தோடு. கேப்சூல் கூடு எதில் செய்தது? எங்கள் மாமியார் மாட்டு விஷயத்தில் கறார். அவள் சிரிக்கவில்லை. கூடு பெரும்பாலும் ஜெலட்டின்தான், எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று பெட்டியில் போட்டிருக்கும் என்று திருப்பிக் காட்டினாள். மாடுதான். வேண்டாமென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வடிவத்தில் கிடைக்கிறதா என்று கேட்கலாம், ஆனால் நீங்களாகக் கூட்டைத் திறந்து பொடியைக் கொட்டிச் சாப்பிட வேண்டாம் என்றாள். மருந்து மருந்துதான் என்று நான் விழுங்கினேன். மாமியாரிடம் சொல்லவில்லை.

இனி மருந்து சாப்பிட்ட கதை. எசோமெப்ரசோல் பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு, மற்ற இரண்டும் பசியாறியதும். ராத்திரியும் அதே மாதிரி. தொடங்கிய மறுநாளே வாயில் கசப்பு வந்துவிட்டது. வெறும் கசப்பில்லை, பழைய பத்து சென் காசை நாக்கின் அடியில் வைத்துக்கொண்ட மாதிரி ஒரு உலோகக் கசப்பு. கிளாரித்ரோமைசின் எச்சிலில் கலந்து வருவதால் பல் விளக்கினாலும் போகாது. நடுராத்திரியில் அந்தக் கசப்பே எழுப்பிவிடும். சாம்பார், ரசம், தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) எல்லாம் ஒரே ருசி. எனக்கு உதவியது புளிப்புதான். அசாம் பொய் (உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம்) ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வேன், இல்லாவிட்டால் ஜாதிக்காய் ஜூஸ். மருந்து நின்றதும் கசப்பும் தானாக நின்றது.

வயிறும் இளகியது. நாளுக்கு மூன்று தடவை வரை போகும், தண்ணீராக இல்லை. இது எதிர்பார்த்ததுதான், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு மருந்தைத் தொடருங்கள் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். எது எதிர்பார்க்காதது என்றும் சொல்லியிருந்தாள், அதைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். தண்ணீர் தண்ணீராகப் பல தடவை போவது, ரத்தம், காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி என்றால் உடனே டாக்டர். நல்ல கிருமிகள் செத்த இடத்தில் சி. டிஃபிசில் என்ற கெட்ட கிருமி பெருகியிருக்கலாம். மருந்து முடிந்து சில வாரம் கழித்துக்கூட அது வரலாம். அந்த நேரத்தில் பேதியை நிறுத்தும் மாத்திரையை நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. தோலில் தடிப்பு எழும்பினால் மருந்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அவசர எண் 999, யோசிக்கவே வேண்டாம். கண் மஞ்சளானாலும், நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரலாம். எனக்குக் கடைசி நாட்களில் வந்தது, வெட்கப்படாமல் போய்ச் சொன்னேன், மருந்து கொடுத்தார்கள், சரியானது.

அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை. ஆண்டிபயாடிக் சாப்பிடும்போது பால், தயிர் ஆகாது என்றார் எதிர்வீட்டு அக்கா. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளோக்சசின் மாதிரி மருந்துகளுக்குத்தான் அது, பாலிலுள்ள கால்சியம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். என் மருந்துகளுக்கு அந்தத் தடை இல்லை, மத்தியானம் மோர் குடித்தேன். இன்னொருவர் பல்வலிக்கு அமாக்சிசிலினில் மிச்சம் இருந்தால் தரச் சொன்னார். மிச்சம் என்று ஒன்று இருக்கவே கூடாத மருந்து இது. ஒரு ராத்திரி கல்யாண வீட்டிலிருந்து வர நேரமாகி, மருந்து தாமதமானது. நினைவு வந்ததும் சாப்பிடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. பிரஷர் ஒரு காலையில் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டியது, கொஞ்ச நேரம் படுத்திருந்தேன், சரியாகிவிட்டது.

மருந்து முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை உண்டு. அதற்கு ஆண்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். அமிலம் குறைக்கும் மருந்தையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி செத்த பிறகும் அதன் எதிர்ப்புப்பொருள் ரத்தத்தில் வெகுநாள் இருக்கும். எசோமெப்ரசோலை நிறுத்திய அந்த வாரங்கள்தான் எனக்கு மருந்து சாப்பிட்ட நாட்களைவிடக் கஷ்டமாக இருந்தன, அப்படி எரிந்தது. பரிசோதனை என்னவோ ரொம்பச் சாது. வெறும் வயிற்றோடு போய் ஒரு பையில் ஊதினேன், யூரியா கலந்த புளிப்புத் தண்ணீரைக் குடித்தேன், அரை மணி நேரம் உட்கார்ந்து இன்னொரு பையில் ஊதினேன். நெகட்டிவ் என்று வந்தது. சிம்வாஸ்டாடினை, ஆண்டிபயாடிக் முடிந்த கையோடு அவர்கள் சொன்ன நாளில் மறுபடி தொடங்கிவிட்டேன்.

இப்போது வீட்டுக்காரரின் முறை. அவருக்கும் வயிற்று உபாதை இருந்ததால் ஊதச் சொன்னார்கள், பாசிட்டிவ். அவருக்குப் பென்சிலின் அலர்ஜி. பர்ஸில் எப்போதும் அந்த அலர்ஜி கார்டு இருக்கும், ஆஸ்பத்திரி ஃபார்மசியில் கொடுத்தது. ஆகவே அமாக்சிசிலின் கிடையாது. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமில மருந்து என்று நான்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுப்பாகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். டெட்ராசைக்ளினோடு பால் சேரக்கூடாது என்பதால் தே தாரிக்குக்கு நேரம் குறித்துத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். மெட்ரோனிடசோல் இருக்கும்வரையும், முடித்த பிறகு சில நாளும் பீர் கூடாது என்றதும்தான் முகம் வாடியது. கூலிமில் நண்பர் வீட்டுக் கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை ஆரம்பிக்கிறாராம். டாக்டரும் சரி என்றுவிட்டார்.