கொட்டாத குப்பைக்கு வந்த குற்ற அறிவிப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களை ஒட்டிய ஓர் ஓடைக்கரையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டினேன் என்று குற்றம் சாட்டி, நீதிமன்றத்தில் ஆஜராகும்படி ஓர் அறிவிப்பை வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். என் பக்கியின் (திறந்த பின்பகுதி கொண்ட சிறு சரக்கு வண்டி) பதிவு எண், நாள், நேரம் எல்லாம் அதில் இருந்தன. புகைப்பட ஆதாரம் உண்டு என்ற குறிப்பும் இருந்தது. புகைப்படத்தை மட்டும் இணைக்கவில்லை. அந்த ஓடைப் பக்கம் நான் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

குற்றத்தை ஒப்புக்கொண்டு குறித்த தேதிக்குள் அபராதம் கட்டினால் நீதிமன்றத்துக்கு வரத் தேவையில்லை என்று அறிவிப்பின் அடியில் அச்சிட்டிருந்தது. தொகையும் பெரிதல்ல. “கட்டித் தொலைச்சுட்டு வேலையைப் பாருங்க மச்சான், கோர்ட்டுக்கு அலைஞ்சா வியாபாரம் படுத்துடும்” என்றார் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மைத்துனர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 57ஆம் பிரிவின்படி, அப்படிக் கட்டியதை நீதிமன்ற எழுத்தர் பதிவேட்டில் ஏற்றியதும், கட்டியவர் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டுத் தண்டனை பெற்றவராகவே கருதப்படுகிறார். வாடிக்கையாளர்கள் காவல்துறை நற்சான்று கேட்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இது அபராதத்தைவிடப் பல மடங்கு பெரிய இழப்பு. எதிர்த்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அறிவிப்பைத் தந்த அலுவலகத்துக்கு முதலில் போனபோது “சிஸ்டம் ஆஃப்லைன்” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை போனபோது சிஸ்டம் வேலை செய்தது. எழுத்தருக்குத்தான் மனம் இல்லை. புகைப்படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, 2008ஆம் ஆண்டின் கழிவுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போனால் 1 கோடி ராண்ட் அபராதமோ 10 ஆண்டுச் சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும், இந்தச் சிறு தொகையைக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம் என்று பதில் வந்தது. சட்டத்தில் அந்த உச்ச வரம்பு இருப்பது உண்மைதான். கேட்ட கேள்விக்கு அது விடையாகாதே என்றதும், தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கான விண்ணப்பப் படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்தப் படிவத்துக்குப் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. நான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய நாளோ அதற்கு முன்பே வந்துவிடும். இதே நிலையில் இருப்பவர்கள் அந்தப் படிவத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வழக்குக் கோப்பு முழுவதையும் அரசுத் தரப்பு பொத்தாம்பொதுவாக மறைத்துவைக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கேட்க வேண்டிய இடம் அரசு வழக்குரைஞர் அலுவலகம்.

அங்கே இருந்த அம்மையார் அறிவிப்பு எண்ணைக் கேட்டார், கோப்பை எடுத்தார், படத்தின் நகலைத் தந்தார். அவ்வளவுதான். இதற்காகவா அத்தனை அலைச்சல் என்று எரிச்சல் வந்தது.

படத்தில் இருந்தது என்னுடையதைப் போன்ற வெள்ளை வண்டிதான். இந்த மாகாணத்தில் அதற்கா பஞ்சம்? எண் பலகையின் வலது பாதியில் சேறு அப்பியிருந்தது. கடைசி இலக்கத்துக்கு முந்தையதை 8 என்று படித்திருக்கிறார்கள்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடப்பக்கம் திறந்திருக்கும் 3 என்பது தெளிவாகத் தெரிந்தது. அதைவிட உறுதியான சான்று பின்தட்டுக்குக் கீழே இருந்தது. என் வண்டியில் தடித்த இழுவைக் கொக்கி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். படத்து வண்டியில் அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. கொக்கி பொருத்திய கடையின் ரசீது, அறிவிப்பில் கண்ட நாளுக்கு வெகு முந்தைய தேதியோடு என்னிடம் இருந்தது. வண்டி இருக்கும் இடத்தைப் பதிவுசெய்ய, காப்பீட்டுக்காகப் பொருத்திய ட்ராக்கர் கருவியும் கைகொடுத்தது: அந்த நேரத்தில் வண்டி என் வீட்டு முற்றத்தை விட்டு நகரவில்லை என்ற பயணப் பதிவை ட்ராக்கர் நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பிவைத்தது. பழைய பதிவுகள் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், அறிவிப்பு கைக்கு வந்த அன்றே கேட்டுவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் சொல்லி ஒரு சத்தியப் பிரமாண வாக்குமூலம் தயாரித்தேன். காவல் நிலையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கேதான் இன்னொரு வீண் அலைச்சல் காத்திருந்தது. முத்திரை குத்திக் கையெழுத்திட்ட காவலர், தம் முழுப் பெயரையும் பதவியையும் அலுவலக முகவரியையும் அதன் கீழே எழுதவில்லை. விதிப்படி அவை இல்லாத வாக்குமூலத்தை ஏற்க இயலாது என்று வழக்குரைஞர் அலுவலகம் திருப்பிவிட்டது. மறுபடியும் காவல் நிலைய வரிசை. மேசையை விட்டு எழுவதற்கு முன், முத்திரையின் கீழ் இருப்பதைப் படித்துவிடுங்கள். நம் கையெழுத்தை அவர்கள் கண்முன்னேதான் இட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வழக்கைத் திரும்பப் பெறக் கோரும் கடிதத்தை அறிவிப்பு எண்ணோடு அரசு வழக்குரைஞருக்கு எழுதி, அவர்கள் தந்த படத்தையும் என் வண்டியின் படத்தையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட்டு, கொக்கி இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் சிவப்பு மையில் வட்டமிட்டு இணைத்தேன். என் நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரையைக் கேட்டு வாங்கினேன். கடிதம் கொடுத்துவிட்டோமே என்று நீதிமன்ற நாளில் வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஆஜராகாவிட்டால் பிடியாணை வரலாம். நான் போனேன். பெயரைக் கூப்பிட்டதும் வழக்குரைஞர் எழுந்து, வழக்கைத் திரும்பப் பெறுவதாக ஒரே வாக்கியத்தில் சொன்னார். வெளியே வந்து மைத்துனருக்குத்தான் முதல் அழைப்பு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்வதற்கு முன், அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 6(a) பிரிவின் கீழ் திரும்பப் பெறப்படும் வழக்கு, விடுதலைத் தீர்ப்பாகக் கணக்கில் வராது. அரசு நினைத்தால் பிற்பாடு மீண்டும் தொடுக்கலாம். ஆகவே திரும்பப் பெற்றதை எழுத்தில் வாங்கி, ரசீது, ட்ராக்கர் பதிவு, படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். முதல் அலுவலகத்தின் பதிவேட்டில் என் வண்டி எண்ணைத் திருத்தும்படி தனிக் கடிதமும் கொடுத்தாயிற்று. வாங்கிக்கொண்டவர் அதே எழுத்தர்தான். முத்திரையைக் கேட்காமலே குத்தினார். பதில் இன்னும் வரவில்லை.