வயல் நடுவே கல்திட்டை: அயர்லாந்தில் வேலிக்கு அந்தப் பக்கம்

அயர்லாந்துக்கு வரும் நம்மவர்கள் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. டிக்கெட், பஸ், வழிகாட்டி என்று எல்லாம் அங்கே ஒழுங்காக நடக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தவை வயல்வெளியில் தனியாக நிற்கும் கல்திட்டைகள். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஈமச்சின்னம், அதை ஒட்டியே யாரோ ஒருவரின் பயிர்.

கார்லோ நகரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் பிரவுன்ஸ்ஹில். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, வயலின் விளிம்பைச் சுற்றிப் போகும் பாதையில் நடக்க வேண்டும். கல்திட்டை என்றதும் நமக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லசந்திரத்தின் பலகைக்கற்கள் நினைவுக்கு வரும். இங்கே ஒரு முழுப் பாறையையே தூக்கி வைத்திருக்கிறார்கள். மூடுகல் மட்டும் 100 டன்னுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். முன்பக்கம் நிறுத்துகற்கள் தாங்க, பின்பக்கம் தரையில் சாய்ந்து கிடக்கிறது. கிட்டப் போய் அடிப்பகுதியில் கைவைத்தேன். ஜில்லென்று, சொரசொரப்பாக இருந்தது. மேலே பாசியும் வெள்ளைத் திட்டுகளும். பள்ளங்களில் மழைத்தண்ணீர்.

இங்கே அந்தப் பாதை எனக்கு அந்தக் கல்லுக்குச் சமமாகப் பட்டது. பயிரை யாரும் மிதிப்பதில்லை, வருகிறவர்கள் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சின்ன ஏற்பாடுதான். ஆனால் அது இல்லாத இடங்களே அதிகம்.

சட்டம் கல்லைக் காப்பாற்றுகிறது. கல்லிடம் போக வழி தருவதில்லை. பதிவேட்டில் உள்ள தொல்சின்னம் இருக்கும் இடத்தில் ஏதாவது வேலை செய்ய நினைத்தால், நிலத்துக்காரர் இரண்டு மாதம் முன்பே அரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசின் பராமரிப்பில் இருப்பவை சுமார் ஆயிரம். பதிவேட்டில் இருப்பவையோ ஒரு லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் தனியார் நிலத்தில். அங்கே நுழைய நமக்கு உரிமை கிடையாது. பக்கத்தில் ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்பவர்கள் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம் என்கிறது. அயர்லாந்தில் எல்லாம் நிலத்துக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தது.

அந்த மனசு பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேற்குப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் கதவைத் தட்டிக் கேட்டேன். "தாராளமா போங்க, கேட்டை மட்டும் சாத்திடுங்க. கன்று போட்ட மாடுகள் நிக்குது, கிட்ட போகாதீங்க" என்று சொல்லிவிட்டு வாசல் வரை வந்து வழியும் காட்டினார் பெரியவர். இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வட்டக் கரைகள், அதாவது பழங்காலக் குடியிருப்புகளைச் சுற்றிய மண்கரைகள், உழப்படாமல் தப்பியதற்குச் சட்டத்தைவிட, அவற்றில் தேவதைகள் குடியிருக்கின்றன என்ற பயமே பெரிய காரணம். நம்மூரில் முனி இருக்கும் புளியமரத்தில் யாரும் கோடாலி வைக்காத மாதிரி.

இன்னொரு இடத்தில் கேட்டில் சங்கிலி, "காளை இருக்கிறது" என்று ஒரு பலகை. கேட்க ஆளும் இல்லை. உள்ளே இருந்த பழைய கோபுரம் ரோட்டிலிருந்தே தெரிந்தது. அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் வருகிறவர் கால் இடறி விழுந்தால் வழக்கு நம் தலையில் விழுமோ என்று விவசாயி பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 1995 சட்டம் அந்தப் பொறுப்பைக் குறைத்தது. பொழுதுபோக்காக வருபவருக்கு வேண்டுமென்றே தீங்கு செய்யாமலும் அவருடைய பாதுகாப்பை அடியோடு அலட்சியம் செய்யாமலும் இருந்தால் போதும். ஆனாலும் பயம் போகவில்லை. நடைபாதையைப் பராமரிக்கும் நிலத்துக்காரருக்குப் பணம் தரும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தொல்சின்னங்களுக்குப் போகும் வழிகளை நிறையச் சேர்த்து அதை விரிவாக்க வேண்டும் என்பது என் ஆசை. புதுசாக ஒரு பார்வையாளர் மையம் கட்டும் காசில் எத்தனையோ வயலோரங்களுக்கு வேலியும் பாதையும் போட்டுவிடலாம்.

டோனகால் பக்கம் போனால் ஆர்டரா அருகே கில்குலூனியை விட்டுவிடாதீர்கள். மூடுகல் இறக்கை விரித்த பறவை போலவே இருக்கும். தேவாலயத்தை ஒட்டிய வண்டிப்பாதையில் போக வேண்டும், அதுவும் பண்ணை நிலம்தான். நாயைக் கூட்டிப் போகாதீர்கள், ஆடுகள் மிரளும். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விட்டுவிட்டு வாருங்கள். அப்புறம், மழைக்குப் பிறகு போவதாக இருந்தால் பூட்ஸ் கட்டாயம்.